கரையில் மட்டும் கேட்ட இரைச்சல்

எங்கள் குப்பத்தில் கல்லறைத் திருநாள் மாலையில் இரண்டு இடங்களில் விளக்கு எரியும். ஒன்று கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம். இன்னொன்று ஏரிக்கரை. தண்ணீரில் போய் உடல் கிடைக்காமலே ஆனவர்களுக்குக் குழி கிடையாது. குழி இல்லாதவர்களுக்கு மெழுகுவத்தியை எங்கே கொண்டுபோய் ஏற்றுவது? அதனால் அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குத் தங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கரைக்குக் கரண்ட் கொடுப்பார்கள். மணலில் சவுக்குக் கழிகளை நட்டு, ஈரத்தில் படாதபடி அவற்றின் மேல் போட்டு, வீட்டுக்கு ஒரு வயர் வரும். ஒரு வீட்டு வயரில் மேசை மேல் பல்பு எரியும். இன்னொரு வீட்டு வயரில் மைக்செட் ஓடும். எங்கள் வீட்டு வயரில் கிட்டார்.

நான் இங்கே வாழ வந்தவள். பிறந்தது அனுப்பம்பட்டில். பொன்னேரிக்குப் போய் இயற்பியல் படித்தேன். வேலைக்குப் போவதற்குள் கல்யாணம், அடுத்து மகள். முதல் வருடம் இந்த வயர்களைப் பார்த்தபோது, ஒரே வீட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தால் வேலை சுலபமாகுமே என்று நினைத்தேன். நல்லவேளை, வாய் திறந்து சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் போனவர் என் கணவரின் அண்ணன், என் மூத்த கொழுந்தனார். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவர் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர். அவருடைய கிட்டாரும் அதோடு சேர்ந்த சாமான்களும் என் கணவரிடம் வந்தன. அதற்குப் பிறகு அத்தை இவரைப் படகேற விடவில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்.

கரையில் நடப்பது சிறிய வழிபாடு. ஃபாதர் ஜெபம் சொன்னதும் உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் நிறுத்துவார். அந்த இடைவெளியில் என் கணவர் மெல்ல ஒரு தடவை தந்திகளை மீட்டி, அந்த ஓசை தானாகக் கரையும்வரை கையை எடுத்துவிடுவார். ஓசை கரைந்தபின் ஒன்றும் இருக்கக்கூடாது. அந்த ஒன்றுமில்லாத நேரத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

போன வருடம் அந்த நேரத்தில் இரைச்சல் இருந்தது. தாழ்ந்த, விடாத ஓர் ‘ம்ம்ம்’. மீட்டும்போது மறைந்திருந்து, ஓசை அடங்க அடங்க அது மேலே வந்தது. கொழுந்தனாரின் பெயர் வாசிக்கப்பட்டபோதும் அது அடங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை தன் மகனிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

“இன்னாடா அது, வண்டு மாரி? எம்புள்ள பேர சொல்ல சொல்ல அதுவும் கூடவே கத்திகினு கெடந்துதே.”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இந்த வருடம் அந்தச் சத்தம் வரக்கூடாது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பேச்சாக வருடம் முழுவதும் இருந்தது.

மழை தொடங்கியதும் அவர் சாமான்களை வெளியே எடுத்தார். ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல் காலால் மிதித்து இயக்கும் மூன்று பெடல்கள். முதலாவது சுருதி பார்க்க. இரண்டாவது ஓசையைக் கொஞ்சம் கரகரப்பாக, தடிப்பாக ஆக்க. மூன்றாவது எதிரொலிக்கு. கிட்டாரிலிருந்து வரும் வயர் இந்த மூன்றுக்குள்ளும் புகுந்து வெளியே வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். பெடல்களின் திருகுகளுக்குப் பக்கத்தில் வெள்ளை நகப்பாலிஷால் வைத்த புள்ளிகள் இருந்தன. எதை எவ்வளவு திருப்பிவைக்க வேண்டும் என்று கொழுந்தனார் வைத்த அடையாளங்கள். இவர் அந்தப் புள்ளிகளைத் தாண்டி எதையும் திருப்பியதில்லை.

மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். வயர் என்றால் வாயில் வைத்துவிடுவாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிளக் பாயிண்டுகளையெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் எல்லா வயரையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணொண்ணா பாக்கலாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டு கிட்டார நேரா ஆம்புல சொருகுங்க. அப்பவும் சத்தம் வந்தா பெடல் மேல தப்பில்லனு தெரிஞ்சுடும்.”

“டீச்சரம்மா சொல்ட்டாங்க, கேட்டுதான ஆவணும்” என்றார். கோபமில்லை. ஆனாலும் நான் அதிகம் பேசிவிட்டேனோ என்று இருந்தது.

நேராகச் சொருகியதும் சத்தமில்லை. ஒரு பெடலைச் சேர்த்தோம். இரண்டாவதைச் சேர்த்ததும் ‘கரகர’ என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். பெடலுக்கும் பெடலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வயரை அசைத்தால் அதிகமானது. முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பிடித்திருந்தது. இந்தக் காற்றில் கதவுக் கீலே ஒரு வருடம் தாங்காது; அந்தக் குட்டி முனை எப்படித் தாங்கும்? பழைய துணியில் தேய்த்தோம். சுத்தமாகவில்லை. புது வயர் வாங்கி வந்தார். கரகரப்பு போயிற்று.

எதிரொலிப் பெடலைச் சேர்த்ததும் கொசு ரீங்காரம்போல மெல்லிய ஒரு ‘ஙீ’. அந்தப் பெடலை மட்டும் தனி அடாப்டரில் போட்டால் அது நின்றது. மூன்று பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகக் கரண்ட் போனதுதான் காரணம். அதற்கும் தனியாக ஒன்று வாங்கினோம். மிச்சம் இருந்தது ‘உஸ்’ என்ற மூச்சு. அது இரண்டாவது பெடலில் இருந்து வந்தது. திருகு கொழுந்தனாரின் புள்ளியில் இருக்கும்வரை அது வரத்தான் செய்யும். கொஞ்சம் குறைத்தால் அடங்கும். நான் கையைக் கொண்டுபோனேன்.

“அத்த தொடாத” என்றார்.

கையை எடுத்துவிட்டேன். மகளைத் தூங்கவைக்கப் போவதுபோல எழுந்து போனேன். மறுநாள் பலகையைத் துடைக்கும்போது பார்த்தேன், திருகு புள்ளிக்குக் கீழே நின்றது. அவரே குறைத்திருக்கிறார். திருகை அசைக்காமல் சுற்றித் துடைத்தேன்.

ஆக, வீட்டில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆம்பை முழுக்கத் திறந்து வைத்தால்கூட மழை சொட்டுவதுதான் கேட்டது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். போன வருடம் கேட்ட சத்தம் தாழ்ந்தது. நாங்கள் பிடித்து வெளியேற்றிய மூன்றில் ஒன்றும் அப்படியில்லை. அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். ஒருவேளை எனக்குத்தான் சரியாக ஞாபகமில்லையோ என்றும் நினைத்தேன்.

திருநாளுக்கு முந்தைய நாள் பிற்பகல் கரையில் வயர் இழுத்தார்கள். மைக்செட்காரர் காட்டூரிலிருந்து வருபவர். என் கணவரோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். வாய் ஓயாது. மைக்செட்டுக்குக் கரண்ட் எதிர்வரிசையில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து. உறவில்லை, அக்கா என்று கூப்பிடுவோம்; கணவரைக் கடலில் பறிகொடுத்தவர். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மீன் விற்கப் போகிறார். எங்கள் வீட்டு வயரில் ஆம்பை வைத்தார்கள். ஆம்பிலிருந்து ஒரு கேபிள் மைக்செட்டின் மிக்சருக்குப் போனது. காற்று அடிக்கும் கரையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று போன வருடத்திலிருந்துதான் அப்படிச் செய்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள்.

‘ம்ம்ம்.’

அதேதான். என் கணவர் பலகை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புது வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெடல்களை ஒவ்வொன்றாக அணைத்தார். சத்தம் அசையவில்லை.

“தலைவா, இதுக்கா மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? சப்ப மேட்டரு” என்றார் மைக்செட்காரர். ஆம்பின் பிளக்கை உருவிக் கையில் எடுத்தார். “இந்த மூணாவது காலு கீதுல்ல, அத்த ஒடச்சுட்டா கப்சிப். எத்தினி கச்சேரில பாத்துகீறேன்.” கட்டிங் பிளேயர் எடுக்கப் போனார்.

நான் மகளோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “வேணாண்ணா.”

“ஏம்மா?”

“அது எர்த்துண்ணா. ஆம்புல எங்கனா கரண்ட் கசிஞ்சா அது வழியாதான் மண்ணுக்குப் போவும். அது இல்லனா தந்திக்கு வந்துடும். அவரு வெறுங்கால்ல ஈர மணல்ல நிக்கறாரு.”

“ஒண்ணும் ஆவாதும்மா. கொஞ்சம் சுர்ருனு இருக்கும், அவ்ளோதான். உங்க வூட்டுக்காரரு இன்னா பஞ்சு முட்டாயா, கரையறதுக்கு?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. “நீ பாப்பாவ கூட்டிகினு வூட்டுக்குப் போ” என்றார்.

ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் மருமகள் நின்று பேசுவது அவருக்குச் சங்கடம் என்று தெரியும். போயிருக்க வேண்டும். நான் படித்ததெல்லாம் தேர்வுக்கு எழுதிய பதில்கள். ஒரு எர்த் குழாயை என் கையால் தோண்டிப் பார்த்தவள் அல்ல. இத்தனை கச்சேரி பார்த்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும்? ஆனாலும் ஈர மணல், வெறுங்கால், இரும்புத் தந்தி. அந்த மூன்றும் கண் முன்னால் இருந்தன. குழி இல்லாதவர்களுக்காக நிற்கும் இடத்தில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். அவர் போடமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“ஒரே ஒரு தடவ, ஆம்புலேந்து மிக்சருக்குப் போற கேபிள மட்டும் உருவிப் பாருங்கண்ணா. அப்பறம் நான் போயிடறேன்.”

பிளக்கைத் திரும்பவும் சொருகிவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவர் கேபிளை உருவினார். சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் மட்டுமல்ல, ஆம்பிலும். திரும்பச் சொருகினார், வந்தது. உருவினார், நின்றது. யாரும் சொல்லாமலே இன்னொரு முறையும் சொருகி உருவிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் ஏன் கேட்கவில்லை, கரையில் ஏன் கேட்கிறது என்று. ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லையில் ஒரு எர்த் குழாய் இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாய் ஏரியை ஒட்டிய ஈரத்தில். அக்கா வீட்டுக் குழாய் மேட்டில், துருப்பிடித்து. இரண்டும் மண்ணைத்தான் தொடுகின்றன. ஆனால் ஒன்றுபோலத் தொடவில்லை. அந்தக் கேபிள் இரண்டு வீட்டையும் சேர்த்துக் கட்டியதும், ஒரு வீட்டு மண்ணுக்கும் இன்னொரு வீட்டு மண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் கேபிளுக்குள் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை வழியாக ஓடுகிறது. அதுதான் ஒலிபெருக்கியில் கேட்கிறது. அந்த ‘ம்ம்ம்’ வந்ததில் கொழுந்தனாரின் பெடல்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதை எப்படியோ சொல்லி முடித்தேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அப்ப ரெண்டும் ஒரே வூட்லேந்து வந்தா?”

“வராதுங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் எதிர்வரிசையைப் பார்த்தோம். அக்கா வீட்டு வாசலில் அவருடைய சின்ன மகள், வயர் போகும் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காவல்போல நின்றிருந்தாள்.

“அக்காகிட்ட போய் உன் வயர எடுத்துக்கோனு என்னால சொல்ல முடியாது” என்றார். “எடுக்கணும்னா நம்மளதுதான் எடுக்கணும். அம்மாகிட்ட நீயே சொல்லு. என்னால ஆவாது.”

அத்தை கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகளை உட்காரவைத்துவிட்டு நின்றேன்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? பாப்பா எங்கனா வுழுந்துடுச்சா?”

“இல்லத்த. அந்தச் சத்தம் திரும்ப வருது. நம்ம வூட்டு கரண்டும் அக்கா வூட்டு கரண்டும் சேந்தா வருது.”

“நம்ம வூட்ல கோளாறா?”

“கோளாறு இல்லத்த.”

“அவ வூட்லயா?”

“அங்கயும் இல்லத்த. ரெண்டும் சேரும்போதுதான்.”

அவர் கை நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, தோலை உருவி, இறாலைக் கிண்ணத்தில் போட்டார். “யாருக்கும் கோளாறு இல்ல. ஆனா எம்புள்ளைது மட்டும் எடுக்கணும்.”

“மேசைக்கு இன்னொரு பல்பு நம்ம வூட்லேந்து குடுக்கலாந்த்த. பல்புக்கு ஒண்ணும் ஆவாது.”

“பல்பா? அவன் இன்னா பல்பா வாசிச்சான்?”

இன்னும் இரண்டு இறாலை உரித்துவிட்டு அவரே சொன்னார். “எடுத்துக்கங்க. படிச்சவ சொல்றே. போன வருசம் மாரி ஆவக்கூடாது.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், உரித்த இறாலைத் தோல் கூடையிலும், தோலைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் தோலை எடுத்துக் காட்டியபோதுதான் கவனித்தார். “அட, கெழவிக்கு இன்னா ஆச்சு பாரு” என்று அவளிடம் சொல்லிவிட்டு மாற்றிப் போட்டார்.

மகளை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பி நடந்தேன். வழியில் எங்கள் வீட்டு வயர் கழிக்குக் கழி தாவி என்னோடு வந்தது. சரியானதைத்தான் சொன்னேன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சரியானதைச் சொல்லி ஒரு தாயிடமிருந்து குழிக்குப் பதிலாக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒருவேளை இரைச்சலோடேயே விட்டிருக்கலாமோ. அல்லது பிளக்கின் மூன்றாவது காலை உடைக்கவிட்டு அவரை ஒரு பலகை மேல் நிற்கச் சொல்லியிருக்கலாமோ. இல்லை, அதைமட்டும் விடமுடியாது. இப்படி மாறி மாறி நினைத்துக்கொண்டே வந்தேன்.

கரையில் உபதேசியார் வந்திருந்தார். மைக்கைத் தட்டி, ஊதி, “ஆண்டவரே” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஏரியின் அந்தப் பக்கம் பசியாவரம் வரைக்கும் கேட்டிருக்கும். அவருக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்தது.

நான் நின்றுவிட்டேன். உபதேசியார் என்ன மைக்கோடு வயரால் கட்டப்பட்டா பேசுகிறார்? இரண்டு வீட்டையும் சேர்த்துக் கட்டுவது அந்த ஒரு கேபிள்தான். அது இல்லாமல் கிட்டார் ஓசை மிக்சருக்குப் போகவேண்டும் என்றால், அதுவும் உபதேசியார் குரல் போகிற மாதிரி காற்று வழியாகவே போகட்டுமே. ஆம்பு எங்கள் வீட்டுக் கரண்டில் தனியாகப் பாடட்டும். அதன் முன்னால் அக்கா வீட்டுக் கரண்டில் ஒரு மைக் நிற்கட்டும்.

இதை முதலில் கணவரிடம்தான் சொன்னேன், மெதுவாக, யாருக்கும் கேட்காமல். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் மைக்செட்காரரிடம் தன் யோசனைபோலச் சொன்னார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

“அட, மோளத்துக்கு வெக்கற மாரியா!” என்றார் மைக்செட்காரர். “இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடா பிளேயர தூக்கிகினு டாக்டர் மாரி நிக்கறேன்?”

கேபிளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டார்கள். ஆம்புக்கு முன்னால் குட்டை ஸ்டாண்டில் மைக் வந்தது. ‘ம்ம்ம்’ இல்லை. ஆனால் வாடைக் காற்று மைக்கில் நேராக மோதி, ‘புஸ், புஸ்’ என்று ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. ஆம்பையும் மைக்கையும் சேர்த்துக் காற்றுக்கு முதுகாட்டித் திருப்பினார்கள். குறைந்தது, போகவில்லை. ஸ்பாஞ்சு எல்லாம் மைக்செட்காரரிடம் இல்லை. என் கணவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மகள் தலையில் இருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றினார். அவள் கத்தினாள். அவர் அதை மைக்கின் தலையில் மாட்டினார்.

“மைக்குக்கு ஜலதோசம் புடிக்காது, உடு” என்றார் மைக்செட்காரர். இந்தமுறை என் கணவரும் சிரித்தார்.

எனக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. அவர் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது தப்பித்தவறி அந்த மைக்கையும் தொட்டால், ஒரு கை ஒரு வீட்டிலும் இன்னொரு கை இன்னொரு வீட்டிலும் இருக்கும். அதைச் சொன்னால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்று தயங்கினேன். பிறகு சொல்லியே விட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாண்டை அவர் கை எட்டாத பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆம்பின் உடம்பில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எரியவில்லை. இன்னொருமுறை பார்க்கச் சொன்னேன். கீழே நிற்க ஒரு பிளைவுட் துண்டு போடச் சொன்னேன். அதற்கும் அவர் சரி என்றார். அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அத்தையிடம் போய்ச் சொன்னபோது அவர் இறாலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எடுக்கணும்னே. இப்ப வேணான்றே. நாளைக்கு இன்னா சொல்லுவே?”

“நாளைக்கும் வேணாந்தான் அத்த.”

“நெஜமா?”

“நெஜமாத்த” என்றேன். சொன்ன பிறகு, காற்று திசை மாறினால் என்ன ஆகும், மழை வந்தால் என்ன ஆகும் என்று உள்ளுக்குள் தொடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் மழை கொட்டி, மதியத்துக்கு மேல் விட்டது. மாலையில் கல்லறைத் தோட்டத்துக் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். கரண்ட் கொடுக்கும் வீட்டில் போனவரின் தாயோ மனைவியோதான் ஸ்விட்சைப் போடவேண்டும். போட்டுவிட்டு, வயர் போகும் வழியிலேயே வெறுங்காலோடு கரைக்கு நடந்து வருவார்கள். அத்தை வெள்ளைப் புடவை கட்டி, ஸ்விட்சைப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார். எதிர்வரிசையிலிருந்து அக்கா தன் வயரோடு வந்தார். இருவரும் கரையில் சேர்ந்து நின்றபோது ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முந்தைய நாள் என்ன நடந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. யாரும் சொல்லப்போவதில்லை.

நான் பின்னால் மகளோடு வந்தேன். ஒவ்வொரு கழியிலும் ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

ஃபாதர் ஜெபம் சொன்னார். உபதேசியார் முதல் பெயரை வாசித்தார். என் கணவர் மீட்டினார். தந்தியிலிருந்து அவர் கை விலகியதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓசை மெல்ல மெல்லக் கரைந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று காது முழுவதையும் அங்கேயே வைத்தேன். கம்பளிக் குல்லாய்க்குள் காற்று லேசாக மூச்சு விட்டது. பெடலின் ‘உஸ்’ கேட்டும் கேட்காமலும் இருந்தது. வேறொன்றுமில்லை.

ஆனால் இதுவரை வரவில்லை என்பதால் இனியும் வராது என்று ஆகிவிடுமா? இரண்டாவது பெயர். மீட்டல். கரைதல். நான் ஆம்பின் சிவப்பு விளக்கையும், அவர் பாதத்தையும், பலகையின் ஓரத்தில் ஊறியிருந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இரைச்சலோ என்று திடுக்கிட்டேன். அக்கா பக்கத்தில் அழும் சத்தம் கேட்டது. போன வருடம் யார் அழுததும் எனக்குக் கேட்கவில்லை. அந்த ‘ம்ம்ம்’ எல்லாவற்றையும் மூடியிருந்தது என்று அப்போது தெரிந்தது. இப்போது மூக்கை உறிஞ்சுவதுகூடக் கரை முழுவதும் கேட்டது. இந்த அமைதியை இவர்களால் தாங்க முடியுமா என்று ஒரு கணம் பயந்தேன்.

மீண்டும் மீட்டல். மீண்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

என் தோளில் ஒரு கை இறுகியது. அத்தை. அவர் முகம் என் தோளில் சாய்ந்திருந்தது. உடம்பு குலுங்கியது. மகள் பாட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்தாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்திருந்தார். கை தந்தியிலிருந்து விலகி அந்தரத்தில் நின்றது. கடைசி ஓசை போய்க்கொண்டிருந்தது.

கொழுந்தனாரின் பெயர் வாசிக்கப்பட்டுவிட்டிருந்தது. நான் கேட்கவில்லை.

ஒரு வருடமாக எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அந்த ஒரு பெயர் தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல் காற்றில் போனபோது, நான் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் இன்னும் பெயர்கள் இருந்தன. உபதேசியார் தொடர்ந்து வாசித்தார். அவற்றைக் கேட்க முயன்றேன். பாதிதான் கேட்டேன்.

கூட்டம் கலைந்ததும் ஆண்கள் மைக்கை இறக்கினார்கள். என் கணவர் பெடல்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போகலாம் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை என் கையைப் பிடித்தார்.

“எவ்ளோ தெளிவா சொன்னாரு பாத்தியா? அவன் நைனா வாசல்ல நின்னு கூப்புடுவாரே, அது மாரி. நீ கேட்டியாடி?”

“கேட்டேன் அத்த.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயர் வந்த வழியே வீட்டுக்கு நடந்தார், ஸ்விட்சை அணைக்க. மழை வரும்போல இருந்தது. மகள் குளிரில் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆம்பின் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று நான் அங்கேயே நின்று பார்த்தேன். அணைந்த பிறகுதான் பிளக்கை உருவச் சொன்னேன்.